தடை பார்த்தல்

காலை ஆறே முக்காலுக்கு
மேசையில் முதலில் படுப்பது ஒரு பெட்டி.
சதுர பிளாஸ்டிக். வயிற்றுக்குள்
கடுகளவு உலோக மணி.
வேண்டுமென்றே கோணலாக வைப்பேன்,
இடப்பக்கம் பத்து, மேலே ஐந்து.
எந்திரம் படம் எடுத்து
நான் செய்த தப்பைத் தானே கண்டுபிடித்து
மேசையை நகர்த்தித் திருத்த வேண்டும்.
ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிசகினால்
செலஸ்டின் கையெழுத்துப் போடமாட்டார்.
அந்தக் கையெழுத்து இல்லாமல் கோரிமேட்டில்
யார்மீதும் கதிர் விழாது.

அஞ்சலாட்சி ஏழாவது பெயர்.
கடலூர் முதுநகர், கருவாட்டு வியாபாரம்.
கர்ப்பப்பை வாய். இருபத்தைந்து நாள்.
இடுப்பின் இருபுறம் இரண்டு, தொப்புளுக்குக் கீழே ஒன்று,
பச்சைப் புள்ளி மூன்று குத்தியிருக்கிறோம்.
சுவரிலிருந்து வரும் சிவப்புக் கோடு
புள்ளியில் விழும்வரை
இழுப்போம், தள்ளுவோம்.
"நீங்க அசையாதீங்கம்மா. நாங்க அசைக்கிறோம்."

அரை லிட்டர் தண்ணீர் குடித்து
முக்கால் மணி அடக்கி வரவும்
என்று அச்சடித்த தாள் கொடுத்திருந்தோம்.
தாளில் பேருந்து பற்றி ஒன்றுமில்லை.

ஒன்பதாம் நாள்
கோடு புள்ளியில் விழுந்தது.
எலும்புக்கு எலும்பு பொருத்தினேன்:
இரண்டு, ஒன்று, சுழி.
இடுப்பெலும்பு சத்தியம் செய்தது, எல்லாம் சரியென்று.
நடுவே, சாம்பல் நிறத்தில்,
சித்திரை மாதக் குட்டைபோல் வற்றிய பை.
கர்ப்பப்பை முன்னால் சாய்ந்திருந்தது
பதினோரு மில்லிமீட்டர்.
நாங்கள் வரைந்த வேலிக்கு வெளியே அது,
உள்ளே
ஒரு பாவமும் அறியாத குடல்.

பெஞ்சில் இருபத்தாறு பேர்.
மேசையைக் கொஞ்சம் நகர்த்தினால் போதாதா
என்று கைக்கு ஓர் ஆசை வந்தது.
மேசை நகரும். பை நிறையாது.

"தண்ணி குடிச்சீங்களாம்மா?"
"குடிச்சேங்க."
ஒலிபெருக்கியில் அவள் குரல் சின்னதாக இருந்தது.
படம் என் முன்னால் இருந்தது.
மறுபடி கேட்கவில்லை.
உள்ளே போய்ப் போர்வையை இழுத்துவிட்டு நின்றேன்.

கூரையைப் பார்த்தபடி அவளே சொன்னாள்.
தவளக்குப்பத்தில் பாட்டிலைத் திறந்தாளாம்.
அரியாங்குப்பம் பாலத்தில் வண்டி நின்றுவிட்டது,
ஏதோ ஊர்வலம்.
கண்டக்டரிடம் சொல்ல வாய் வரவில்லை.
இறங்கி, ஆற்றோரம், ஒரு படகு மறைவில்.
"பாலத்து மேல நாலு பேரு
போன் பேசிக்கிட்டு நின்னானுங்க."
பிறகு,
"படத்துல தெரிஞ்சிருச்சா?"

தெரிந்தது நீர் இல்லை என்பது மட்டும்.
பாலம் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து அவள் பெயர் பதினாலாவது.
வந்து, போய்விட்டு, எங்கள் பெஞ்சிலேயே குடிக்கட்டும்,
எங்கள் சில்வர் டம்ளரில் இரண்டரை.
தாளில் அந்த வரியைப் பேனாவால் அடித்தேன்,
கட்டுக் கட்டாக இருந்த எல்லாத் தாளிலும்.

ஒரு நாள் முதல் பேருந்திலேயே வந்தவள்
கதவிடுக்கில் பெட்டியைப் பார்த்துவிட்டாள்.
"அது யாரு, எனக்கு முன்னாடி?"
"மேசை பொய் சொல்லுதான்னு பாக்கறதுக்கு."
"ஓ, தடை பாக்கறீங்க" என்றாள்.
வெறும் தட்டுகள் இரண்டும் சமமாகும்வரை
தராசில் கல்லைக் கட்டி அவிழ்த்துக் கட்டுவாளாம்.
அது முடியாமல்
ஒரு நெத்திலியும் தட்டில் ஏறாது.

அன்று பிசகு நாலு பத்தில் ஒரு பங்கு.
பதிவேட்டில் எழுதினேன்.
அவள் எட்டிப் பார்த்து, எண் புரியாமல்,
"பரவால்லையா?" என்றாள்.
பரவாயில்லை.

நாலு கிலோ இளைத்தாள். புள்ளிகள்
தளர்ந்த தோலோடு கொஞ்சம் கீழே இறங்கின.
கோட்டை நம்பாமல் தினமும் படத்தை நம்பினோம்.

இருபத்தைந்தாம் நாள் புடவையைச் செருகிக்கொண்டே
"இந்தப் புள்ளி போகாதா?" என்றாள்.
"போகாதும்மா."
"எங்க படிக்கல்லுக்கும் ஆபீஸ்ல முத்திரை குத்துவாங்க.
கெடு முடிஞ்சா மறுபடி தூக்கிக்கிட்டுப் போவணும்.
இது எத்தனை வருசத்துக்குச் செல்லும்?"

செலஸ்டின் திரையைப் பார்த்தார்.
நான் டம்ளரைக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன்.